பவுடர் டப்பா விசில்

கடையில் வாங்கிய விசில் மறுபடியும் கண்டக்டர் சண்முகையாவின் வாயிலிருந்து நழுவி, முன்சீட்டுக்காரர் மடியில் இருந்த மோர்ச்சட்டிக்குள் விழுந்தது. அவர் விரலை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தார். சண்முகையா சட்டையில் துடைத்து ஊதினார். "புஸ்" என்று காற்றுதான் வந்தது.

போன வாரம் ஒரு ஆடு குறுக்கே பாய்ந்து டிரைவர் பிரேக் போட்டபோது, சீட்டுக் கம்பி சண்முகையாவின் மேல்வரிசை முன்பல்லை எல்லாம் வாங்கிக்கொண்டது. பல் போனால் சோற்றைக் குழைத்துத் தின்னலாம். விசிலை எதைக் கொண்டு கவ்வ? சங்கரன்கோவில் கடையநல்லூர் பஸ்ஸில் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கணும், ரெண்டு கொடுத்தால் கிளம்பணும். 'புஸ்'ஸுக்கு எந்த டிரைவரும் அசைய மாட்டான்.

முதலாளி தங்கசாமி அண்ணாச்சி சுற்றி வளைக்கவில்லை. திங்கள்கிழமை தானே வண்டியில் வருவதாகவும், அன்றைக்கு விசில் ஒழுங்காகக் கேட்காவிட்டால் தோல்பை தன் மச்சினன் செல்லப்பா தோளுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். செல்லப்பா பக்கத்தில்தான் நின்றான். அவனுக்குப் பல் அத்தனையும் இருந்தது. அதைக் காட்டிச் சிரிக்கவும் செய்தான்.

உழைக்கிறவனுக்கு எது தேய்ந்தாலும் ஒட்டுப்போடத்தான் தோன்றும். சண்முகையா வீட்டுக்குப் போய், பொண்டாட்டியின் பவுடரைப் பேப்பரில் கொட்டிவிட்டு டப்பாத் தகரத்தைக் கத்தரித்தார்.

"ஊத மாட்டாத வாய்க்கு என் பவுடர் டப்பாதான் கெடைச்சுதாக்கும்?" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"ஏட்டி, பை போச்சுன்னா பவுடர் எங்கன இருந்து வரும்?"

அவள் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டாள்.

தகரத்தை விரல் தண்டிக்குச் சுருட்டி, உள்ளே ஒரு காய்ந்த பட்டாணியைப் போட்டு, ஈறு கவ்வத் தோதாக வாத்து மூக்கு மாதிரி அகலமாக வாய் வைத்து, பாத்திரம் அடைக்கிறவரிடம் ஈயம் பற்றவைத்தார். ஊதினார். தெருவே திரும்பிப் பார்த்தது. ஆனால் தகர விளிம்பு உதட்டைக் கிழித்தது. அன்றைக்குக் கொடுத்த டிக்கெட்டில் பாதி சிவப்பு.

சைக்கிள் டியூபை வெட்டி வாயில் மாட்டினார். அடடா, என்ன சுகம்! பல்லில்லாத ஈறுக்கு அது பால்காம்பு போல இருந்தது. வாயில் விசில் இருப்பதே மறந்துபோனது. வினையும் அங்கேதான் பிடித்தது. மூச்சு விட்டாலே சத்தம் வந்தது. சில்லறை இல்லை என்று பெருமூச்சு விட்டார், பஸ் நடுரோட்டில் நின்றது. தும்மல் ரெண்டு வந்தது, ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக ஒரு ஆளை இழுத்துக்கொண்டு பஸ் கிளம்பியது.

"ஏலே, நான் ஏறவா எறங்கவா, ஒண்ணு சொல்லிரு," என்று அந்த ஆள் தொங்கிக்கொண்டே கேட்டார்.

பட்டாணிதான் குழப்புகிறது என்று சண்முகையா அதை எடுத்துவிட்டார். இப்போது ஊசி போல மெல்லிசாக, நிற்காத ஒரு சத்தம் வந்தது. கைப்பிள்ளைகள் அழுதன. நாய்கள் பஸ்ஸைத் துரத்தின. டிரைவர் மைதீன் பாட்சா திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

திங்கள்கிழமை முதலாளி முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்று சண்முகையா விசிலை வாயில் வைத்துக்கொண்டு டிக்கெட் போட்டார்.

அன்றைக்கு நடந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. கடைசி ஆள் கால் படியில் பட்டதும் வண்டி எடுத்தது. இறங்குகிறவர் எழுந்து வாசலுக்கு வந்ததும் பூப்போல நின்றது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு ஏச்சு இல்லை. புளியங்குடிக்கு முன்னாலேயே போட்டி பஸ்ஸை முந்தி, அதற்காக நின்ற ஆட்களையும் அள்ளிக்கொண்டது. பையை மூட முடியவில்லை. சண்முகையாவின் நெஞ்சு விம்மியது. அதற்கும் ஒரு விசில் வந்தது.

கடையநல்லூரில் இறங்கியதும் முதலாளி, பை சண்முகையாவுக்குத்தான் என்று நாலுபேர் கேட்கச் சொன்னார். தன் மற்ற வண்டிகளுக்கும் இதேபோல விசில் செய்து தரவேண்டும் என்றார். செல்லப்பாவைக் கூப்பிட்டு, "இத்தனை பல்லை வச்சுக்கிட்டு நீ என்னத்தல கிழிச்ச?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

சண்முகையா ராசா மாதிரி நடந்து டிரைவர் சீட்டுப் பக்கம் போனார்.

"வே பாட்சா, எப்படி இருக்கு நம்ம விசிலு?"

மைதீன் பாட்சா திரும்பவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தார். ரெண்டு காதிலிருந்தும் கட்டி கட்டியாகப் பஞ்சைப் பிடுங்கினார்.

"என்ன வே கேக்கீரு? உம்ம விசில் தாங்காம காலையில அடைச்சது. வாசப்படியில ஆளுக கால் தெரியுறதக் கண்ணாடியில பாத்துத்தான் இம்புட்டுத் தூரம் ஓட்டியாந்தேன்."