மூன்றாவது வரிக்கு வழிவிடாத வாத்தியார்

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணியும் நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலம் என்றே வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ தேடிப் பிடித்து என்னைச் சேர்த்துவிட்டாயே, அந்தப் புல்லாங்குழல் வாத்தியார், அவரை விட்டு விலகுவதென்று முடிவு செய்துவிட்டேன். முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். எந்த மாடியில் இறங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற மறுமாதமே சேர்ந்தேன். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் மூன்று மணி நேரம், ஒரு நாள் தவறியதில்லை. அண்ணிக்கு அறுபது வயது நிறைகிற அன்று அவளுக்குப் பிடித்த பாட்டை முழுசாக வாசித்துக் காட்ட வேண்டும், ஆசை அவ்வளவுதான். வருகிற இருபதாம் தேதி பிறந்தநாள். நானோ மூன்று வருஷமாக இரண்டாவது வரியிலேயே நிற்கிறேன்! அடுத்த வரிக்குப் போனால் போதும், மனுஷன் கையைத் தூக்கிவிடுவார். "சார், இன்னும் மூச்சு பத்தல." எனக்குப் பின்னால் சேர்ந்த பேங்க்காரர் அஞ்சு பாட்டு முடித்துவிட்டார், அவருக்கு ஆஸ்துமா வேறு. போன வாரம் துணிந்து, "வாத்தியாரே, நான் விலகிக்கலாம்னு இருக்கேன்" என்றேன். ஆள் வெலவெலத்துப் போய், "அய்யய்யோ, வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?" என்கிறார். அறுபத்து மூணு வயசு ஆளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! சரி, போகட்டும் என்று கடைத்தெருவில் வேறொரு டீச்சரம்மாவிடம் போனேன். இரண்டு வரி வாசித்ததுமே, "மூச்சு அருமையா நிக்குதே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மரியாதைக்குக் கேட்டுக்கொள்கிறேன் என்று நம்ம வாத்தியாருக்கு போன் போட்டார். "ஓஹோ, அப்படியா" என்றார் நாலு தடவை. வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மூச்சு பத்தல சார்" என்றார். ரெண்டு நிமிஷத்துல எங்கேம்மா ஓடிப்போச்சு என் மூச்சு?

கோபம் வந்தால் என் கை சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அழைப்பு மணியைக் கழற்றி மாட்டினேன். இப்போது அதை அழுத்தினால் சமையலறை விளக்கு எரிகிறது. மிக்சியும் நான் கை வைத்த பிறகு மின்விசிறி சுற்றினால்தான் சுற்றுகிறது. வசதிதான், அண்ணிக்குத்தான் புரியவில்லை. ஆகவே வாத்தியாருக்கு விலகல் கடிதம் எழுதிவிட்டேன். இனி வாரம் ஏழு நாளும் வீட்டிலேயே இருந்து, போனில் பார்த்து, மீதியை நானே கற்றுக்கொள்வேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டேன், அண்ணி உனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "ஏழு நாளும் வீட்லயா?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது வரியைச் சொல்லித் தரக் கூடாதென்று வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டதே அவளாம். "பாட்டு முடிஞ்சா போறதை நிறுத்திடுவீங்க. வாரத்துல அந்த ரெண்டு சாயங்காலம்தாங்க வீட்ல எதுவும் கழண்டு கிடக்காம இருக்கு." யோசனை உன்னுடையதாம்! நல்லா இரு தாயே. "அப்போ பிறந்தநாளுக்கு?" என்றேன். "நீங்க ரெண்டு வரி வாசிங்க, மிச்சத்தை நான் பாடுறேன். தினமும் நீங்க வீட்ல வாசிச்சுப் பழகி நிறுத்தினதும் அடுப்படியில நான்தானே பாடி முடிக்கிறேன், உங்க காதுலதான் விழல" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விலகல் கடிதத்தைக் கிழித்துப் போட்டாயிற்று. இன்று செவ்வாய், வகுப்புக்கு நேரமாகிறது. இருபதாம் தேதி நீ அவசியம் வா. மணியை அழுத்தாதே, கதவைத் தட்டு.