கரடிக்கு மூச்சு வந்த விதம்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. எந்தக் காடு என்று கேட்க வேண்டாம். எல்லாக் காடும் இப்போது அப்படித்தான்.

கரடிக்கு மூச்சு போதவில்லை. கோடையில் காடு எரிந்தபோது புகையில் மாட்டிய நெஞ்சு. பத்தடி நடந்தால் உட்கார வேண்டும். அதன் குகையோ மலை உச்சியில். பெண்டாட்டியும் குட்டியும் அங்கே. ஏற முடியாத கரடி அடிவாரத்தில் மச்சினன் குகையில் கிடந்தது. மச்சினன் நல்லவன்தான். ஆனால் கறையானைப் பங்கு வைக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவான். மூச்சு இல்லாதவன் எதிரில் அதை விடுவது என்ன மரியாதையோ.

"மச்சான், மழைக்கு முன்னாடி மேல போயிடுவீங்கள்ல?"

"போ... காம?" என்றது கரடி. அந்த ஒரு சொல்லுக்கே நடுவில் நிற்க வேண்டியிருந்தது.

மழை பிடித்தால் பாறை வழுக்கும். அப்புறம் அடுத்த கோடை வரை மச்சினன் பெருமூச்சுதான் கதி.

குளத்தில் டாக்டர் கொக்கு இருந்தார். ஒற்றைக் காலில் நிற்பதால் நிறைய யோசிப்பவர் என்று பெயர். கரடியின் நெஞ்சில் காது வைத்துப் பார்க்கவில்லை. செல்போனுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு பெட்டியை நீட்டினார். அதில் ஒரு குழாய்.

"இதுல ஊதுங்க. மெதுவா, நீளமா. திரையில ஒரு தேனீ பறக்கும். மூச்சு சீரா வந்தா கூட்டுக்குப் போய்ச் சேரும். திணறினா விழுந்துடும்."

"சேர்ந்தா தேன் வருமா?"

"பாயின்ட் வரும்."

"அதை நக்கலாமா?"

"இது வீடியோ கேம்ங்க. பயிற்சின்னு சொன்னா எவனும் செய்யறதில்ல. விளையாட்டுன்னா கையை விட்டு இறக்கவே மாட்டான்."

டாக்டர் சொன்னது பலித்தது. கையை விட்டு இறக்கவில்லை. கை மட்டும் கரடியுடையது அல்ல.

முதல் நாள் கரடி ஊதியது. தேனீ எழுந்தது, விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. மரத்திலிருந்து குரங்கு பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அப்படி இல்லண்ணே. இப்படிக் குடுங்க. ஒரே ஒரு ஆட்டம்."

கொடுப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு மலைச்சரிவில் ஓடியது.

"டேய்! அது மருந்துடா!"

"மருந்துன்னா கசக்கணும்ணே. இது இனிக்குது!"

கரடி எழுந்து துரத்தியது. ஒரு இலவ மரம் வரை போயிற்று. அங்கே விழுந்து இளைத்தது. பிறகு நொண்டிக்கொண்டு குளத்துக்குப் போய் முறையிட்டது.

"டாக்டர், பெட்டி போச்சு."

பெட்டியின் கணக்கு வந்து சேரும் தன் திரையைக் கொக்கு பார்த்தார். "போகலையே. காலையில பிரமாதமா ஊதியிருக்கீங்க. நாலாவது லெவல்."

"ஊதினது குரங்கு."

"இருக்கட்டும். ஸ்கோர் உங்க பேர்லதான் ஏறுது. கவலையே படாதீங்க."

இனி யாரிடம் சொல்ல? மறுநாள் கரடியே கிளம்பியது. குரங்கு ஒரு பாறையில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தது. கரடி நெருங்கியதும் மேல் பாறைக்குத் தாவியது.

"நேத்து மரத்தடியிலயே படுத்துட்டீங்க. இன்னிக்குப் பரவாயில்லண்ணே!"

"உன்னை... உரிச்சு..."

"முழுசாச் சொல்லுங்கண்ணே, காத்திருக்கேன்."

கரடிக்கு வெறி ஏறியது. தினமும் துரத்தியது. முதலில் ஒரு மூச்சுக்கு ஒரு வசவுதான் வந்தது. பிறகு குரங்கோடு அதன் அப்பனையும் சேர்த்துத் திட்டியது. போகப்போக அந்தப் பரம்பரையையே ஒரே மூச்சில் கரையேற்றியது. குரங்கும் மேலே மேலே போனது, கரடியும் போனது. அடிவாரத்தில் மச்சினன் பெருமூச்சு விடுவதை மறந்து வேடிக்கை பார்த்தான்.

ஒருநாள் வானம் இருட்டியது. முதல் தூறல் விழுந்தது. கரடி திட்டிக்கொண்டே ஒரு பாறையைத் தாண்டிக் குதித்தது. எதிரே ஒரு குகை. வாசலில் ஒரு பெண் கரடி.

"வந்துட்டீங்களா? யாரை இந்தத் திட்டுத் திட்டிக்கிட்டு வர்றீங்க? குட்டி கேக்குதுல்ல."

கரடி திரும்பிப் பார்த்தது. அடிவாரம் எங்கோ கிடந்தது. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தது. மூச்சு அதன்பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

"இந்தாங்கண்ணே," என்று குரங்கு பெட்டியைப் பாறைமேல் வைத்தது. "எல்லா லெவலும் முடிஞ்சுபோச்சு. போரடிக்குது."

மழை விட்டதும் டாக்டர் கொக்கு கூட்டம் போட்டார். கரடிக்கு மாலை. பெட்டிக்கு அதைவிடப் பெரிய மாலை.

"வீடியோ கேம் ஊதியே குணமான முதல் கரடி!"

"நான் ஊதவே இல்லைய்யா," என்றது கரடி. "இதைத் திருடினவனைத் துரத்தினேன். அவ்வளவுதான்."

"நோயாளி உணர்ச்சிவசப்படுகிறார்," என்றார் கொக்கு. எல்லாரும் கை தட்டினார்கள்.

காட்டில் இளைப்பு உள்ள அத்தனை பேருக்கும் பெட்டி கொடுக்கப்பட்டது. இரண்டு நாள் ஊதினார்கள். மூன்றாம் நாள் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். இளைப்பு அப்படியே இருந்தது. அப்போதுதான் கரடி மேடையில் சொன்னது அவர்களுக்கு உறைத்தது.

மறுநாள் விடியும்போது குரங்கின் மரத்தடியில் நீண்ட வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டி.

"தம்பி, என்னோடதையும் கொஞ்சம் பிடுங்கிட்டு ஓடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"தள்ளாதீங்க, தள்ளாதீங்க. வரிசையில வாங்க. எருமை அக்கா, உங்களுக்கு மலைப்பக்கம் ஓடணுமா, சமவெளி போதுமா?"

"சமவெளியே போதும்ப்பா. முட்டி வலி."

"திட்டத் தெரியுமா?"

"கல்யாணம் ஆனவ தம்பி நான்."

"அப்ப சரி. பிடிங்க பார்க்கலாம்!"

குளத்தில் கொக்கு எல்லாருடைய ஸ்கோரையும் பார்த்துப் பூரித்துப் போனார். காலை மாற்றி வைத்தார்.

நீதி: கைராசியுள்ள வைத்தியர் கிடைக்காவிட்டால் பாதகமில்லை. கால்வேகமுள்ள திருடனாகப் பார்த்துப் பறிகொடு.