உலையை விட்ட உடையப்பன்

"அசையாம உக்காருடா! மூலம் வத்த வேணாமா?"

சிவனம்மாள் அடுப்பிலிருந்து எடுத்த செங்கலைத் துணியில் சுற்றி மகனுக்கு அடியில் தள்ளினாள். உடையப்பன் துள்ளினான். எந்த இடத்தில் சூடே ஆகாது என்று மதுரை டாக்டர் சொன்னாரோ, சரியாக அந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது சூடு.

எல்லாம் வாயால் வந்த வினை.

திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் பத்து வருஷமாக உலை முன் நிற்கிறவன் அவன். கல்யாணமாகி ஆறு வருஷம், தொட்டில் கட்டவில்லை. 'தை பொறந்தா வேற பொண்ணுதான்' என்று மருமகள் பெருமாயிக்குக் கெடு வைத்துவிட்டாள் சிவனம்மாள். யாருக்கும் தெரியாமல் மதுரைக்குப் பஸ் ஏறினான் உடையப்பன்.

சோதித்துப் பார்த்த டாக்டர், "குறை உங்ககிட்டதான். வித்து உருவாகும்போதே உலைச் சூட்டுல அடிபட்டுப் போகுது. மூணு மாசம் அனல் பக்கமே போகாதீங்க. பழுதை உடம்பே பாத்துக்கும்" என்றார்.

இதை வீட்டில் சொல்ல மீசை இடம் கொடுக்கவில்லை.

உலையை விட்டு அரம் தேய்க்கும் வேலைக்கு மாறினான். சாயங்காலமானால் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் கிடந்தான். கரையில் எவளோ காத்திருப்பதாக ஊர் பேசியது. பெருமாயி சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள்.

"மூலம்டி! அதான் தண்ணியில உக்காருறேன்!" என்று ஒரு போடு போட்டான். அழுகை நின்றது, செங்கல் வந்தது.

அதோடு போயிற்றா? "சீக்கு முத்துறதுக்குள்ள ஒரு பேரனைப் பாத்துப்புடணும்" என்று தைக்குக்கூடக் காத்திராமல் பெண் கேட்டு ஆள் அனுப்பிவிட்டாள் தாய்.

வெள்ளிக்கிழமை, பெண்ணின் அப்பா சோலைமுத்து சேவுகம்பட்டியிலிருந்து வெற்றிலைத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"எம் மக வாசப்படி தாண்டாதவம்மா. ஏறெடுத்து ஒருத்தனைப் பாத்ததில்ல."

உள்ளே பெருமாயி தகரப் பெட்டியில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதைப் பார்த்ததும் உடையப்பனுக்கு மீசை மறந்துபோனது.

"ஆத்தா, நிறுத்து! இன்னும் நாலு பொண்ணு கட்டி வச்சாலும் தொட்டில் ஆடாது. குறை எனக்கு!"

"ஆம்பளைக்கு என்னடா குறை?"

"உலைச் சூட்டுல வித்து கெட்டுப்போச்சாம். டாக்டர் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துட்டாரு. அனலை விட்டு விலகியிருந்தா மூணு மாசத்துல சரியாயிருமாம். நீ என்னடான்னா செங்கலைச் சுட்டுச் சுட்டு வைக்கிற!"

சிவனம்மாளின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. பெருமாயி கையில் ஒரு சேலையோடு கதவோரம் வந்து நின்றாள்.

"அப்ப ஆறு வருசமா என்னைய மலடின்னது?"

தாய் வெற்றிலைத் தட்டை மெல்லச் சோலைமுத்து பக்கம் நகர்த்தினாள்.

சோலைமுத்து எழுந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டப்போகிறார் என்று எல்லோரும் பார்த்திருக்க, அவர் வந்து உடையப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அந்த டாக்டர் எந்தத் தெருவுல இருக்காரு அப்பு? எம் மகளை மலடின்னு தள்ளி வச்சவனும் கொல்லம்பட்டறைக்காரன்தான்!"