கத்திரியும் ஐப்பசியும்

காவிரி பாயும் சீமையில் பிறந்துவிட்டு, மழை பெய்தால் வீட்டில் எழவு விழுந்ததுபோல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஒரே மனிதரை நான் மன்னார்குடியில்தான் பார்த்தேன். அவரைப்போல் இன்னொருவர் தஞ்சாவூர் பக்கம் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் விவசாயிகள் எல்லோரும் கூடி, திருச்சிக்கு அப்பால் துரத்திவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பார்கள்.

அவர் பெயர் கத்திரி. தெப்பக்குளத்தின் கீழ்க்கரையில், மேற்கே பார்த்த தையல் கடை. தையல்காரர் என்பதால் கத்திரி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதுவல்ல. சித்திரையும் வைகாசியும் சேர்ந்துகொண்டு மண்டையைப் பிளக்குமே, அந்தக் கத்திரி வெயிலின் கத்திரி. ஊரே நுங்கு, மோர் என்று ஓடி ஒளியும் நாட்களில், இவர் மட்டும் கதவை விரியத் திறந்துபோட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆவி பறக்கும் டீயோடு வாசலுக்கு நேராக உட்கார்ந்திருப்பார். முகத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பிய பொலிவு.

நான் அப்போது அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. அவர் கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருந்தேன். மொட்டை வெயில் மொத்தமும் என் தலையில்தான் இறங்கும். முதல் கோடையில், தூக்கமே இல்லை என்று அவரிடம் புலம்பினேன்.

"சார், அந்த ரூமுக்கு எத்தனை பேரு போட்டி போட்டாங்க தெரியுமா? காலைல ஒரு தடவை, மதியானம் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவைன்னு வெயில் வந்து பார்த்துட்டுப் போவும். கொடுத்து வெச்சவரு நீங்க!"

கிண்டல் இல்லை. உண்மையாகவே பொறாமைப்பட்டார்.

மழையின்மேல் அவருக்கு இருந்த பகைக்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. தீபாவளி ஐப்பசியில் வருவதே தையல்காரர்களுக்கு எதிராக யாரோ செய்த சதி என்பது அவர் கட்சி. துணி குவியும் நேரம் பார்த்து வானம் பொத்துக்கொள்ளும். சாக்பீஸ் கோடு நமுத்துப்போய் அழியும். கரண்டு போகும். "வெயிலு நேர்மையான ஆளு சார். வர்றேன்னா வரும். மழை அப்படியா? டிவில ஒரு வாரம் தண்டோரா போடுவான். பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டுட்டு அண்ணாந்து பார்த்தா, அது ஆந்திராவுக்குப் போயிருக்கும்."

இப்படிப்பட்டவருக்கு எதிர்க்கட்சி இல்லாமல் போகுமா? இருந்தது. பாமணி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்து விவசாயி. வயதில் கத்திரிக்கு மூத்தவர். தெருவில் அவருக்கு ஐப்பசியார் என்று பெயர். உரம் வாங்கவோ, வேறு எதற்கோ டவுனுக்கு வந்தால் மொபெட் நேராகக் கத்திரியின் கடை வாசலில்தான் நிற்கும். அதில் எப்போதும் ஒரு குடை தொங்கும். எப்பேர்ப்பட்ட அடைமழையிலும் அதை விரிக்கமாட்டார். சொட்டச் சொட்ட வந்து, வெட்டி வைத்த துணிகளின் பக்கத்திலேயே உட்காருவார்.

"அண்ணே, கையில குடை இருக்குல்ல?" என்று கத்திரி பல்லைக் கடிப்பார்.

"இருக்கு தம்பி. இருந்தும் விரிக்கல பாரு, அதுதான் மழைக்கு நாம காட்டுற மரியாதை."

பிறகு ஆரம்பமாகும். எந்தப் பருவம் உசத்தி, எந்த வருஷத்து வெயில் பெரியது, எந்த வருஷத்து மழை பெரியது. நடுவராக நான்.

"நான் சின்ன வயசுல பட்டுக்கோட்டை ரோட்டுல நடந்து போறேன் சார். தார் உருகி செருப்பு ஒட்டிக்கிச்சு. இழுத்துப் பார்த்தேன், வரல. விட்டுட்டு வந்துட்டேன். ஆடி மாசம் அந்தப் பக்கம் போறேன், செருப்பு அங்கேயே இருக்கு. பக்கத்துல வேற எவனோ ஒருத்தன் செருப்பு, துணைக்கு."

ஐப்பசியார் வெற்றிலையை மென்றபடி பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். "செருப்பு போனதெல்லாம் ஒரு கதையா? என் கல்யாணத்தன்னிக்கு விடாம மழை. பந்தி நடக்குது. இலைக்குக் கீழ விரால் மீனு ஓடுது. சைவச் சாப்பாடு சார்! பொண்ணு வீட்டுக்காரங்க மூஞ்சியப் பார்க்கணுமே."

"போன தடவை சொல்லும்போது அது கெண்டையா இருந்துச்சு" என்பார் கத்திரி. "வருஷா வருஷம் வளருது சார் அந்த மீனு. அடுத்த தடவை திமிங்கலம்."

இருவரும் கைகோப்பது மார்கழியில் மட்டும்தான். எனக்கு மார்கழிப் பனி பிடிக்கும் என்று ஒருநாள் வாயைவிட்டுவிட்டேன். கத்திரி ஐப்பசியாரைப் பார்த்தார். ஐப்பசியார் கத்திரியைப் பார்த்தார். "அது ஒரு பருவமா சார்? சளிக்கு வெச்ச பேரு" என்றார் ஒருவர். மற்றவர் ஆமோதித்தார். அந்த மாதம் முழுவதும் என் கட்சி டெபாசிட் இழந்துகொண்டே இருந்தது.

இப்படியே போயிருக்கலாம். போகவில்லை.

ஒரு வருஷம் தை மாதம் பொங்கல் முடிந்து, சம்பா அறுவடைக்கு நின்ற நேரம். பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. தெருக்காரர்களான எங்களுக்கு அது வெறும் சேறு, பஸ் தாமதம், துணி காயவில்லை. மழையின் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஐப்பசியார் நனைந்துகொண்டு கடைக்குள் வந்தார். கத்திரி தலையைத் தூக்கிப் பார்த்தார். வழக்கமான உற்சாகம்.

"என்னண்ணே, ஐப்பசியில வந்த உங்க மழை மாப்பிள்ளை தை வரைக்கும் தங்கிட்டாரு போல? வீட்டுல விருந்து பலமோ?"

ஐப்பசியார் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி நெற்கதிர். அதைத் தையல் மிஷின்மேல் வைத்தார். முற்றிய கதிர்தான். ஆனால் மணிக்கு மணி வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் அப்படித்தான் ஆகும். அறுப்பதற்கு முன்பே நெல் தன்னை விதை என்று நினைத்துக்கொள்ளும்.

"பள்ளத்து வயலு பூராவும் இப்படித்தான் தம்பி. யாருகிட்டயாவது காட்டணும் போல இருந்துச்சு. உங்கிட்ட வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். வெளியே போனார். மொபெட்டில் தொங்கிய குடையை எடுத்து விரித்துக்கொண்டு, வண்டியை ஒரு கையால் தள்ளியபடி தெருவில் நடந்தார். குடைக்குள் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கத்திரி அந்தக் கதிரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், என் நாக்குல என்ன சார் இருக்கு?" என்றார்.

மறுநாள் கடையில் சட்டையும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை. எல்லாம் பழைய பிளக்ஸ் பேனர்கள். கல்யாண மண்டபம், மின்கம்பம், ஆட்டோ ஸ்டாண்டு என்று ஊர் முழுக்கக் கேட்டு வாங்கிக் குவித்திருந்தார். கொஞ்சம் கேட்காமலும் எடுத்திருப்பார் என்று சந்தேகம். ஐப்பசியார் மேட்டு வயலை மழைக்கு முன்பே அறுத்துவிட்டார். அந்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் திறந்தவெளியில் குவிந்து கிடக்கிறது. ஊருக்குள் ஒரு படுதாகூடக் கிடைக்கவில்லை. கத்திரி யாரையோ விசாரித்து இதைத் தெரிந்துகொண்டிருக்கிறார். பேனர்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார். ஊசி ஒடிந்தது, மாற்றினார், மறுபடி ஒடிந்தது. தைத்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும் என்று தையல் நெடுக மெழுகுவத்தியைத் தேய்த்தார். தீபாவளிக்குக்கூட அவர் அப்படி மிஷின் மிதித்து நான் பார்த்ததில்லை.

லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம். கொள்முதல் நிலையத்து வாசலில் ஐப்பசியார் நெல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் மனைவி பழைய சேலைகளையும் சாக்குகளையும் குவியலின்மேல் போட்டு, காற்றில் பறக்காமல் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தைச் சுற்றித்தான் நடப்பவர் கத்திரி. அன்று வெள்ளை வேட்டியோடு கெண்டைக்கால் சேற்றில் இறங்கினார். ஒன்றும் பேசாமல் படுதாவின் ஒரு முனையை ஐப்பசியார் கையில் கொடுத்தார். நால்வரும் ஆளுக்கொரு மூலையாக இழுத்து மூடினோம். மூடி முடிக்கவும் தூறல் மறுபடி பிடிக்கவும் சரியாக இருந்தது.

எங்கள் முன்னால் இப்போது ஒரு சின்ன மலை. அதன்மேல் ஒரு மஞ்சள் நீராட்டு விழா, முதலாம் பிறந்தநாள் குழந்தை ஒன்று, பக்கத்திலேயே பெரிய மீசையோடு ஒரு பெரியவர்.

ஐப்பசியார் நெடுநேரம் பார்த்தார். "இவரு யாரு தம்பி, மீசையோட?"

"கண்ணீர் அஞ்சலிண்ணே. போன வருஷம் போயிட்டாரு."

"நல்ல மனுசனாத்தான் இருந்திருப்பாரு. செத்தும் நம்ம நெல்லுக்குக் காவல் நிக்கிறாரே."

அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். ஐப்பசியார் உதட்டிலும் ஏதோ ஓடியது. அந்தக் கிண்டலுக்கு வருத்தம் சொல்ல அதுதான் நேரம். கத்திரியின் வாய் திறந்ததை நான் பார்த்தேன். ஆனால் வந்தது வேறு.

"மேற்கால வெளுத்திருக்குண்ணே. நாளைக்கு வெயிலு வந்துடும்."

"வரட்டும் தம்பி" என்றார் ஐப்பசியார்.

அந்த நெல் தப்பியது. மற்றதெல்லாம் சரியாகவில்லை. ஐப்பசியார் கோபத்தில் இருந்தார் என்று சொல்லமுடியாது. பழையபடி கடைக்கு வந்தார், டீ குடித்தார், வெற்றிலை போட்டார். பேரப்பிள்ளைகளைப் பற்றியும், முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார். வானத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அடுத்த ஐப்பசியில் முதல் மழை தெப்பக்குளத்தில் சடசடவென்று இறங்கியபோது அவர் கடையில்தான் இருந்தார். கத்திரி எழுந்து நின்று, வேண்டுமென்றே தொண்டையை உயர்த்தினார். "வந்துடுச்சுண்ணே சனியன்! இனிமே நாலு மாசத்துக்கு மனுசன் நிம்மதியா இருக்க முடியாது!" சொல்லிவிட்டு, அடி விழும் என்று எதிர்பார்ப்பவரைப்போல் காத்திருந்தார்.

"ஆமா தம்பி. சனியன்தான்" என்றார் ஐப்பசியார்.

அவர் போனபின் கத்திரி மாடிப்படி ஏறி என் அறைக்கே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "சார், அவரு ஒத்துக்கிட்டாரு சார்!"

காலமெல்லாம் வாதாடிய வழக்கில் ஜெயித்த மனிதரின் முகம் அவ்வளவு பாழாக இருந்து நான் பார்த்ததில்லை.

அதன்பின் ஐப்பசியார் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மனைவியோடு வளைகுடா நாட்டில் இருந்த மகன் வீட்டுக்குப் போனார். போகுமுன் சட்டை தைக்க வந்தார். கத்திரி அளவெடுத்தார். மார்பளவு எடுத்த டேப்பைப் பார்த்துவிட்டு, மறுபடியும் எடுத்தார். "இளைச்சிருக்கீங்கண்ணே" என்றார். "வயசு ஆவுதுல்ல" என்றார் அவர். அன்றும் கத்திரி வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"பார்த்தீங்களா சார் அநியாயத்த! எனக்குப் புடிச்ச ஊருக்கு அவரு போயிட்டாரு. அவருக்குப் புடிச்ச ஊர்ல நான் மாட்டிக்கிட்டேன்" என்பார் கத்திரி என்னிடம். போனில் அவரிடம் ஆசையாகக் கேட்பார்: "அங்க வெயிலு எப்படிண்ணே?"

"எனக்கு என்ன தம்பி தெரியும்? வீட்டுல ஏசி, கார்ல ஏசி, கடையில ஏசி. வெளில வெயிலா மழையான்னு மருமகளத்தான் கேக்கணும்."

எனக்குத் தஞ்சாவூருக்கு மாற்றலாகி, அறையைக் காலி செய்துவிட்டேன். ஒரு ஐப்பசியில் வேலையாக மன்னார்குடி போயிருந்தபோது நல்ல மழை. கடைக்கு ஓடினேன். கடையில் ஆள் இல்லை. தெப்பக்குளத்துக் கரையில், கொட்டுகிற மழையில் தலையில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு கத்திரி நின்றிருந்தார். செல்போனை இன்னொரு கவருக்குள் போட்டு, குளத்தைப் பார்க்க நீட்டிப் பிடித்திருந்தார். "பாருங்கண்ணே, உங்க ஆளு பண்ற அக்கிரமத்த! மனுசன் நடமாட முடியல! கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கவருக்குள் மங்கலாக ஐப்பசியார் முகம் தெரிந்தது. பிறகு குரல் வந்தது. "போதும் தம்பி. நனையாத. உள்ள போ."

"இன்னும் கொஞ்சம் பாருங்கண்ணே."

"போ தம்பி."

அடுத்த கோடைக்கு முன்பே ஐப்பசியார் அங்கேயே, தூக்கத்தில் போய்விட்டார். பெட்டியில் ஊருக்குக் கொண்டு வந்தார்கள். பாமணி ஆற்றங்கரையில் நாங்கள் நின்றபோது வானத்தில் ஒரு மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. கத்திரி மெல்ல நடந்து போய், கரையோரப் புங்கமரத்து நிழலில் நின்றுகொண்டார்.

திரும்பும்போது சொன்னார்: "'தெரியாம சொல்லிட்டேண்ணே'ன்னு ஒரு வார்த்தை சார். எத்தனை தடவை நேரம் கெடைச்சுது. படுதா தைக்கத் தெரிஞ்சுது. இது தெரியல."

இப்போது வங்கக்கடலில் எங்கே தாழ்வு மண்டலம் உருவானாலும் நான் அவருக்குப் போன் செய்கிறேன். மழைக்காக வாதாடுகிறேன். பயிர் பச்சை எதுவும் அறியாத குமாஸ்தாவின் வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்? அவர் நினைத்தால் இரண்டே வாக்கியத்தில் என்னைக் கவிழ்த்துவிடலாம். கவிழ்ப்பதில்லை. "அப்புறம் சொல்லுங்க சார்" என்கிறார். எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஆனாலும் அவரும் போனை வைப்பதில்லை, நானும் வைப்பதில்லை.