உன் மகளை அழைத்துவரப் போன படலம்

எட்டுத் திசையையும் ஒரே அதட்டலில் அடக்கி ஆளும் என் அருமை அக்காவுக்கு, இடுப்பு ஒடிந்தும் பணிவு ஒடியாத உன் தம்பி வணங்கி எழுதுவது. நான் நலம். முழங்காலுக்குக் கீழே நலமா என்று சொல்வதற்கில்லை, சேறு மூடியிருக்கிறது. உன் நலத்தையும், அத்தானின் காதுகளின் நலத்தையும் அறிய ஆவல்.

"வெள்ளம் வந்த ஊர்ல சேறு அள்ளப் போறேன்னு காலேஜ் பிள்ளைங்களோட கிளம்பிட்டாடா, சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காதவ அங்க போய் என்னத்தைக் கிழிக்கப் போறா, கையோட கூட்டிட்டு வா" என்று ஆணையிட்டாய் அல்லவா? ஒரு சாம்ராஜ்யத்தையே மீட்கப் போகிறவன் மாதிரி வந்து இறங்கினேன். அக்கா, இங்கே ஒரு தெருவின் சேற்றைக் குவித்தால் போதும், உலகத்து மலைகளெல்லாம் ராஜினாமா கொடுத்துவிடும். மரத்தின் மேல் ஒரு கார் காக்கை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது சேற்றால் செய்த சிலை ஒன்று நடந்து வந்து "மாமா!" என்றது. பல் மட்டும் நம் குடும்பத்துப் பல். "கிளம்பு" என்றேன். "சரி மாமா, சாயங்கால பஸ்ல போயிடலாம். அதுவரைக்கும் சும்மா நிக்காம இதைப் பிடிங்க" என்று ஒரு மண்வெட்டியைக் கையில் திணித்துவிட்டாள் உன் மகள்.

அன்றைக்கு அவர்கள் சுத்தம் செய்தது ஒரு தையல்காரம்மாவின் வீடு. பிள்ளைகளைக் கூட்டிவந்த கல்லூரிப் பாதிரியார் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். காலை ஜெபம் முடிந்த கையோடு அதையும் வேதவாக்காக ஓதுகிறார்: சேற்றிலிருந்து எது வந்தாலும் வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும், "போடு" என்று சொல்லும் உரிமை அவர் ஒருவருக்கே. தையல்காரம்மா வாசலில் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஓர் உடைந்த சீப்பைக் காட்டினார்கள், "போடு" என்றார். ஒற்றைச் செருப்பைக் காட்டினார்கள், வெகுநேரம் பார்த்துவிட்டு "வை" என்றார். ஏன் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. நான்தான் மேதாவி ஆயிற்றே! கனமான ஒரு சேற்றுக்கட்டி மண்வெட்டியில் ஏறியது. இதைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை யார் நடப்பது, கல் என்று நானே தீர்ப்பெழுதி ஜன்னல் வழியே தெருவோரக் குப்பைக் குவியலில் வீசினேன். வீசிய வேகத்தில் வானத்து மேகமே ஒதுங்கி வழிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா சொல்கிறார், "மெஷினைப் பரண்ல ஏத்திட்டேன், தப்பிச்சிடுச்சு. கத்தரியைத்தான் துணியில சுத்திக் கீழயே வச்சுட்டேன். நல்ல கனமான கத்தரி. அது மட்டும் கிடைச்சா நாளைக்கே தொழிலை ஆரம்பிச்சிடுவேன், யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்." நான் வீசிய கல்லும் நல்ல கனம்தான் அக்கா! உன் மகளைத் தனியே இழுத்து, "பாப்பா, மாமா ஒரு கல்லை வெளியே..." என்று ஆரம்பிக்கும்போதே தெருமுனையில் குப்பை லாரி உறுமுகிறது.

நீயாக இருந்தால் என் பரம்பரையையே வெளுத்திருப்பாய் (அது உன் பரம்பரையும்தான் என்பதை மறந்து). அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்தப் பக்கம் வீசினீங்க மாமா? கையைக் காட்டுங்க." அடுத்த நொடி அந்த ராட்சத லாரியின் முன்னால் போய் நின்றுவிட்டாள், அக்கா! "ஏம்மா, வழி விடு. இருட்டுறதுக்குள்ள தெருவைக் காலி பண்ணணும்" என்றார் டிரைவர். "அண்ணே, இந்தக் குவியலை மட்டும் கடைசியா எடுங்கண்ணே. ஒரு கத்தரி உள்ள போயிடுச்சு." "கத்தரிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" "அவங்க தையல்காரங்கண்ணே." அவர் வாசலில் இருந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். இன்ஜினை அணைத்தார். இறங்கிவந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவரும் குனிந்துவிட்டார்.

மண்வெட்டி பட்டால் கத்தரி கெட்டுவிடும் என்று பிள்ளைகள் அத்தனை பேரும் வெறுங்கையால் துழாவினார்கள். கிடைத்தது உன் மகள் கையில்தான். தையல்காரம்மா அதைக் கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டு, காற்றில் இரண்டு தரம் வெட்டிப் பார்த்தார். சரக், சரக். எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன் அக்கா, இப்படி எனக்கு மயிர்க்கூச்செறிந்ததில்லை. பிறகு அவர் அலமாரியின் மேல்தட்டில் நனையாமல் இருந்த புதுத் துணியில் ஒரு நாடா வெட்டி, உன் மகளின் உள்ளங்கைக் கொப்புளத்தில் சுற்றிக் கட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணில் சேறு விழுந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

ஆனாலும் உன் ஆணையை மீறுவேனா? இதோ பேருந்து வந்து நிற்கிறது. அவளும் மறுக்கவில்லை. "வர்றேன் மாமா, சொன்ன சொல் சொன்னதுதான். ஆள் குறைஞ்சா பக்கத்து வீட்டு வேலை அடுத்த வாரத்துக்குப் போயிடும். அந்த வீட்டு அம்மாவும் ஐயாவும் காலையிலேர்ந்து காத்திருக்காங்க. நாம கிளம்புறோம்னு நீங்களே அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள். ஒரு வார்த்தைதானே! சிங்கத்திடமே சேதி சொல்லிவிட்டுத் திரும்பும் நாக்கு இது. இன்றிரவு உன் மகள் உன் வீட்டில் இருப்பாள், இது என் மீசை மேல் சத்தியம்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு ஆசி, அத்தானுக்கு ஆழ்ந்த அனுதாபம்.

உன் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: பேருந்து போய்விட்டது. நான் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா உள்ளே திரும்பி, "ஏங்க, வந்துட்டாங்க!" என்று கூவினார். ஐயா எழுந்து ஓடிவந்தார். அந்த ஒரு வார்த்தையை வாசலிலேயே விட்டுவிட்டு மண்வெட்டியோடு உள்ளே நுழைந்துவிட்டேன். இந்தக் கடிதம் நாளைக் காலைப் பேருந்தில் வரும், நாங்கள் வரமாட்டோம். மீசையை எடுத்துவிடுகிறேன், எப்படியும் சேறுதான் ஒட்டுகிறது. எங்களைக் கூட்டிவர அத்தானை அனுப்புவதாக இருந்தால் தாராளமாக அனுப்பு. இங்கே இன்னும் ஆள் போதவில்லை.