எட்டு ஜிபி இடம்

"போதுமான இடம் இல்லை" என்றது லேப்டாப்.

கமா அந்த வரியை மூன்று முறை படித்தார். தொழில் பழக்கம். எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழை இல்லை. விஷயம் மட்டும்தான் சரியில்லை.

பள்ளிப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் அவர் இருபத்தொரு வருஷமாகப் பிழை திருத்துகிறார். மூச்சு விட இடம் கிடைத்தால் அங்கே ஒரு கமா போட்டுவிடுவார் என்பதால் ஆபீசில் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனே "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்பான்.

அந்த லேப்டாப்பை வாங்கும்போது கடைக்காரர், "தூக்கிப் பாருங்க சார், கையில இருக்கிறதே தெரியாது" என்றார். எடை குறைவு, விலையும் குறைவு. வேறு என்னவெல்லாம் குறைவு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

இன்று சாயங்காலம் நாலு மணிக்குள் ஆபீசின் புதிய மென்பொருளை அதில் ஏற்றியாக வேண்டும். ஏற்றியவர்கள் வழக்கம்போல வீட்டிலிருந்து வேலை செய்யலாம். ஏற்றாதவர்கள் திங்கட்கிழமை முதல் ஆபீசுக்கு வர வேண்டும். ஆபீஸ் என்றால் இரண்டு பஸ், நடுவில் ஒரு ரயில்வே கேட். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பத்தொன்பது வருஷம் போய் வந்தார். முதுகுத்தண்டில் எத்தனை எலும்பு என்று டாக்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாகத்தான் வீட்டு நாற்காலியில் நிம்மதி.

மென்பொருளுக்கு எட்டு ஜிபி காலி இடம் வேண்டும். லேப்டாப்பில் இருந்தது நாலு.

"இதுல அப்படி என்னதான் அடைச்சு வச்சிருக்கீங்க?" என்று மனைவியைக் கேட்டார்.

மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் சாவி, ஒரு கையில் சீப்பு.

"நம்ம படமும் வீடியோவும்தான். வீட்ல யார் ஃபோன்ல எடுத்தாலும் தானா அதுல வந்து உக்காந்துக்கும். எல்லா ஃபோன்லயும் இதுலயும் ஒரே படம்தான் இருக்கிற மாதிரி நான்தானே செட் பண்ணினேன்?"

"ஃபோன்லயே இருக்கிறப்ப இதுல எதுக்கு?"

"வேண்டாம்னா அழிச்சுக்கோங்க. எனக்கு நேரமாச்சு." வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. ரெண்டு மாசமா ஒரு பேச்சு இல்ல, சிரிப்பு இல்ல. சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கார்."

அப்பா என்றால் கமாவின் மாமனார். சைக்கிள் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர் கீப்பர். ஓய்வு பெற்றதும் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் ஸ்டோர் அவரை விட்டுப் போகவில்லை. சோப்பு பாதி கரைந்தால் மூன்று சோப்பு வாங்கி வருவார். "ஒண்ணு கையில, ஒண்ணு ரிசர்வ், ஒண்ணு ரிசர்வுக்கு ரிசர்வ். இருப்பு குறையவே கூடாது மாப்பிள்ளை" என்பார். அலமாரியில் ஒன்பது நகவெட்டி இருந்தது. வீட்டில் இருப்பது நாலு பேர். அலமாரி நிரம்பியதும் அவருக்கு வேலை ஓய்ந்தது, பேச்சும் ஓய்ந்தது.

கமா குடும்பப் படங்கள் இருந்த போல்டரைத் திறந்தார். மலைப்பிரதேசத்துக்குப் போனபோது எடுத்த வீடியோக்கள். எல்லாவற்றிலும் பனிமூட்டம். எதிலும் மலை இல்லை. அழித்தார். ஒரு ஜிபி கிடைத்தது. இப்போது ஐந்து.

'அவ்வளவுதானே!' என்று குளிக்கப் போனார்.

தலை துவட்டியபடி வந்து பார்த்தால் இரண்டு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டுதான். குளிக்கப் போகும்போது ஐந்தாக இருந்தது, குளித்துவிட்டு வந்தால் இரண்டு.

ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆளுக்குப் போன் போட்டார். அவருக்கு ஆபீசில் பிளக்கு என்று பெயர். யார் என்ன குறை சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"பிளக் போட்டிருக்கீங்களா சார்?"

"போட்டிருக்கேன். நான் அழிக்க அழிக்க இடம் குறையுது."

"அப்படி ஆகாதே சார்."

"ஆகாதுன்னு எனக்கும் தெரியுது. ஆகுது."

"ஒரு தடவை அணைச்சுப் போடுங்க."

அணைத்துப் போட்டார். லேப்டாப் அதற்காகவே காத்திருந்த மாதிரி, "புதுப்பிக்கப்படுகிறது, தயவுசெய்து அணைக்க வேண்டாம்" என்று சொல்லி ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டது. வட்டம் ஒரு மணி நேரம் சுற்றியது. கமா எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வே கேட்டில் நிற்கிற மாதிரியே இருந்தது. அங்கேயாவது கடைசியில் ஒரு ரயில் வரும்.

அடுத்த அறையில் மாமனார் "அட!" என்று ஏதோ சொல்வது கேட்டது. எட்டிப் பார்த்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"டீ போடட்டுமா மாமா?"

"அப்புறம் மாப்பிள்ளை. கையில ஒரு வேலை இருக்கு. இந்த ரூம்ல மட்டும் நெட்டு இழுக்க மாட்டேங்குதே, ஏன்?"

மனைவி சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. பாவம், மனிதர் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வாய் திறந்து ஒன்று கேட்கிறார். கமா ஹாலிலிருந்த வைஃபை பெட்டியைக் கழற்றி, ஸ்டூல் மேல் ஏறி, மாமனாரின் தலைக்கு மேலேயே மாட்டிக் கொடுத்தார். இறங்கும்போது முதுகில் ஒரு எலும்பு தன் இருப்பைத் தெரிவித்தது.

"இப்ப எப்படி மாமா?"

"பறக்குது!" என்றார் மாமனார்.

வட்டம் நின்றது. மிச்சம் இரண்டு ஜிபிதான். கமா மறுபடியும் போல்டருக்குள் போனார். மச்சான் புதுக் கார் வாங்கிய வீடியோ கண்ணில் பட்டது. நாற்பது நிமிஷம். மச்சான் காரைச் சுற்றி வருகிறார், கதவைத் திறக்கிறார், மூடுகிறார், வேறு கதவைத் திறக்கிறார். மனச்சாட்சி சற்றும் உறுத்தாமல் அழித்தார். அரை ஜிபி. இரண்டரை.

சாப்பிட உட்கார்ந்தார். மகள் பரீட்சை லீவில் இருந்தாள். புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தாள், படிக்கிற மாதிரி.

"தாத்தா சாப்பிட வரலியா?"

"ரூமுக்கே கொண்டு வரச் சொன்னார்ப்பா. பிஸியாம்."

"பிஸியா? தாத்தாவா?"

"ஆமா. ஃபோன் குப்பைத்தொட்டியில இருக்கிற எல்லாத்தையும் ஒரேயடியா செலக்ட் பண்றது எப்படின்னு கேட்டார். சொல்லிக் குடுத்தேன். ஒரு தடவை சொன்னதும் பிடிச்சுக்கிட்டார். நீ அதுக்கு ஒரு வாரம் எடுத்தே."

"சாப்பிடு."

மனைவி கடையிலிருந்து போன் செய்தாள். "அப்பா எப்படி இருக்கார்?"

"ஜம்முனு இருக்கார். காலையிலேர்ந்து ஒரே சுறுசுறுப்பு."

"நிஜமாவா? என்ன பண்ணீங்க?"

"வைஃபை மாத்திக் குடுத்தேன்."

"தெய்வமே! நல்லா இருப்பீங்க. லேப்டாப் வேலை முடிஞ்சுதா?"

கமா திரும்பிப் பார்த்தார். மிச்சம், ஒரு ஜிபி.

"முடிஞ்ச மாதிரிதான்" என்று வைத்துவிட்டார்.

பிளக்குக்கு மறுபடி போன்.

"வைரஸா இருக்கும் சார். ஒரு கிளீனர் அனுப்பறேன், அதைப் போடுங்க. எல்லாத்தையும் துடைச்சு எடுத்துடும்."

கிளீனர் வந்தது. திறந்தால், "இதை நிறுவ இரண்டு ஜிபி காலி இடம் தேவை" என்றது.

"துடைக்க வர்றவனுக்கே நின்னு துடைக்க இடம் இல்லப்பா!"

"அப்ப ஒரே வழிதான் சார். பெரிய போல்டர் எதுன்னு பாருங்க. அதை அப்படியே பென் டிரைவ்ல ஏத்திட்டு, லேப்டாப்ல மொத்தமா தூக்கிடுங்க. சில்லறையா அழிச்சா சரிப்படாது."

மணி ஒன்றரை. பெரிய போல்டர் குடும்பப் படங்கள்தான். பதினாலு ஜிபி. பென் டிரைவ்? இந்த வீட்டில் எது இல்லை என்றாலும் யாரிடம் கேட்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"மாமா, பென் டிரைவ் இருக்கா?"

மாமனார் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் இழுப்பறையைக் காட்டினார். உள்ளே மூன்று இருந்தன.

"எதுக்கு மாப்பிள்ளை?"

"முக்கியமானதை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கலாம்னு. ஒரு பாதுகாப்புக்கு."

மாமனார் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். கண்களில் மரியாதை தெரிந்தது. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் கமா அதை அங்கே பார்த்ததில்லை.

"இப்பத்தான் மாப்பிள்ளை நீங்க பொறுப்பா ஒரு வார்த்தை பேசறீங்க" என்றார். "என் ஃபோன்ல சார்ஜ் இறங்குது. உங்க சார்ஜரைக் கொஞ்சம் குடுங்களேன்."

கமா தன் சார்ஜரைக் கொண்டுவந்து தானே செருகிக் கொடுத்தார்.

பென் டிரைவில் ஏறி முடிந்தபோது மணி மூன்று. நல்லவேளை, ஒரு படம் விடாமல் ஏறியது. கமா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மொத்தக் குடும்பத்தையும் அழித்தார். மகள் தவழ்ந்தது, மனைவி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு கம்பத்தில் மோதியது, மாமனாருக்குத் தொழிற்சாலையில் மாலை போட்டு வழியனுப்பியது, எல்லாம் ஒரு நொடியில் போயிற்று.

மிச்சம் பதினைந்து ஜிபி.

பதினைந்து! பெரிய வீட்டுக்குக் குடிபோன மாதிரி இருந்தது. கமாவுக்குக் கண் கலங்கியது. மென்பொருளை இறக்கக் கட்டளை கொடுத்தார். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பத்து சதவீதம், இருபது, முப்பத்தைந்து.

அடுத்த அறையில் நாற்காலி தடாலென்று பின்னால் தள்ளப்படும் சத்தம்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல! நீங்க உங்க வேலையைப் பாருங்க மாப்பிள்ளை, நான் பாத்துக்கறேன்!" குரலில் ஒரு ஆவேசம் இருந்தது. ஸ்டோரில் தீப்பிடித்தால் அப்படித்தான் கத்தியிருப்பார்.

ஏதாவது விளையாட்டாக இருக்கும் என்று கமா நினைத்தார். நன்றாக இருக்கட்டும். இன்றைக்கு யாராவது ஒருவர் ஜெயிக்கட்டும்.

அறுபது. எழுபத்தைந்து. மணி மூன்றரை. எண்பத்தெட்டு. மணி மூன்று நாற்பத்தைந்து. கமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். தொண்ணூற்றொன்றில் கோடு நின்றது. நின்றபடி சிவந்தது.

"போதுமான இடம் இல்லை. மிச்சம்: 0."

பூஜ்யம். பதினைந்து ஜிபியும் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. மவுஸ் அம்பை நகர்த்தினார், நகரவில்லை. மூடிப் பார்த்தார், மூட மறுத்தது. அணைக்கும் பொத்தானை அழுத்தினால், "அணைக்கத் தேவையான இடம் இல்லை" என்று சொல்லிவிடுமோ என்று பயந்து கையை எடுத்துவிட்டார்.

சரியாக நாலு மணிக்கு மேனேஜர் மேடம் போன் செய்தார்.

"சார், லிஸ்ட்ல உங்க பேர் மட்டும் வரல."

"மேடம், காலையிலேர்ந்து நானும், அதாவது, இந்த லேப்டாப்ல, இடம்..."

"போன்லயும் கமாவா சார்? பரவாயில்ல. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க. உங்க பழைய மேஜை அப்படியேதான் இருக்கு, துடைக்கச் சொல்றேன்."

கமா போனை வைத்தார். முதல் பஸ் ஆறே முக்காலுக்கு. இன்னும் அதே நேரமா, மாற்றிவிட்டார்களா? விசாரிக்க வேண்டும். இடுப்புப் பட்டை புதிதாக வாங்க வேண்டும். அது மட்டும் மாமனாரின் அலமாரியில் இருக்காது, ஏனென்றால் பழையதைத் தூக்கிப் போட்ட அன்று கமா யாரிடமும் சொல்லவில்லை.

அறைக் கதவு திறந்தது. மாமனார் வந்தார். சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தது. விரலை நீட்டி மடக்கிச் சொடுக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் முகம் மட்டும் பத்து வயசு குறைந்து பளபளத்தது. வந்து மாப்பிள்ளை பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இப்பப் போடுங்க மாப்பிள்ளை அந்த டீயை."

"என்ன மாமா, நீங்களும் இப்படிக் களைச்சுப் போயிருக்கீங்க?"

"களைக்காம? காலையிலேர்ந்து எவனோ ஒரு களவாணி ஃபோனுக்குள்ள பூந்து நம்ம குடும்பப் படத்தையெல்லாம் அழிச்சுக்கிட்டே இருக்கான் மாப்பிள்ளை. நான் விடுவேனா, அவன் ஒண்ணு அழிக்க அழிக்க நான் மூணு மூணா திருப்பி வச்சுட்டேன்!"