கூப்பிட்ட குரலுக்கு ஒரு ஜீவன்

அன்று ஞாயிற்றுக்கிழமை. பாதி முகத்தில் சோப்பு நுரையும் மீதிப் பாதியில் வீரமுமாகக் கண்ணாடி முன் நின்ற தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில், தான் கூப்பிட்டால் வருகிற ஜீவன் ஒன்றாவது இருந்தே தீர வேண்டும்.

தலைவர் என்றதும் கட்சி, கொடி என்று எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில், ஜன்னலோரமாக உள்ள ஒரு சின்னப் பிரிவுக்கு அவர் தலைவர். வீட்டுக்கும் தலைவர்தான். வீட்டு வரி ரசீதில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வேறெங்கும் போடவில்லை.

அவர் கூப்பிட்டு யார் வருகிறார்கள்? வெளியூரில் வேலை பார்க்கும் மகளைப் போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன்பா" என்று செய்தி மட்டும் வரும். குழாய் ரிப்பேர்காரர் "கிளம்பிட்டேன் சார்" என்பார். எங்கிருந்து எங்கே என்று சொல்ல மாட்டார். மனைவி அம்மணி "இதோ வந்துட்டேன்" என்பாள். அந்த "இதோ"வுக்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைப் பாருங்கள். மனிதர்களை வாய் திறக்க வைப்பதற்கே ஊசி போடுகிறவர். ஆனால் அவருடைய லாப்ரடார் நாய், "வா" என்றால் வருகிறது. "உட்கார்" என்றால் உட்காருகிறது. தலைவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு நேராக இருந்த ஜன்னலில் இந்தக் காட்சி தினம் இரண்டு வேளை நடந்தது. முன்பெல்லாம் அந்த ஜன்னலில் திரை தொங்கும். துவைக்க எடுத்த அம்மணி அதைத் திரும்ப மாட்டவேயில்லை. தலைவர் பார்த்துப் பார்த்து விட்ட பெருமூச்சில் ஜன்னல் கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனார். அம்மணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாய் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

"நமக்குன்னா? நீங்க கொஞ்சறதுக்கு, நான் கூட்டறதுக்கா?"

"அசல் ஜாதி நாய்ம்மா. லாப்ரடார். ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கூடையில வெச்சு விக்கறாங்களாம். ஜனங்க அள்ளிட்டுப் போறாங்களாம்."

"என்ன வயசு?"

"அஞ்சு வாரம்."

கத்தி நின்றது. "அஞ்சு வாரத்துல கூடைக்கு வந்துடுச்சா? எட்டு வாரமாவது தாயோட இருக்க வேண்டாம்? அம்மா எங்க?"

"யாரோட அம்மா?"

"உங்க அம்மாவையா கேக்கறேன். குட்டியோட அம்மா."

"அது ஏதோ ஊர்ல இருக்காம்."

"அப்பா?"

"பெரிய சாம்பியனாம். வெளிநாட்டுல இருக்காராம்." சொல்லும்போது தலைவருக்கே லேசாக இடித்தது.

"கென்னல் கிளப்புல ஜாதி நாய்னு பதிவு?"

"பேப்பர் எல்லாம் பின்னாடி வருமாம்."

"வரும். வால் மாதிரி. பின்னாடியேதான் வரும், கைக்கு வராது. சரி, தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாங்களா? கண்ணு பரிசோதனை?"

"ஏம்மா, நாய்க்குட்டி வாங்கப் போறேனா, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் போறேனா?"

"அந்த வகை நாய்க்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வம்சத்துல வரும். பெத்தவங்களைப் பார்க்காம வாங்கிட்டு, நாளைக்கு அது நொண்டிக்கிட்டு நின்னா யாரு அழறது? உங்களை எனக்குப் பேசி முடிச்சப்ப எங்க வீட்டுல தாத்தா வரைக்கும் விசாரிச்சாங்க, முட்டியை விசாரிக்கல. மாடிப்படி ஏறினா வலிக்கும்னு கல்யாணம் ஆன மறு வாரம்தான் தெரிஞ்சுது. திருப்பிக் குடுக்கவும் வழியில்ல."

இவளுக்கு இந்த இடுப்பு சமாசாரமெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒரு புத்திசாலி அந்த இடத்தில் கேட்டிருப்பான். தலைவர் கேட்கவில்லை. தோற்கும்போது மேலே பார்ப்பது அவர் வழக்கம். அன்றும் ஃபேனைப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்குள்ள நாய் வராது" என்று அம்மணி பீன்ஸுக்குத் திரும்பினாள்.

தலைவர் மூன்று நாள் மௌனப் போராட்டம் நடத்தினார். அவர் பேசாமல் இருப்பது போராட்டம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாததால், நான்காம் நாள் அவரே சொல்ல வேண்டியதாயிற்று. அப்போதுதான் அம்மணி லேசாக இறங்கி வந்தாள்.

"நாய் நாய்ங்கறீங்களே, வாசல் கேட்டைப் பார்த்தீங்களா? ஒரு கன்னுக்குட்டியே நுழைஞ்சு போகலாம். முதல்ல அதைச் சரி பண்ணுங்க. அப்புறம் பேசலாம்."

தலைவரின் மூளையில் விளக்கு எரிந்தது. அன்று மதியம் ஆபீஸ் கேன்டீனில், எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் தன் ராஜதந்திரத்தை விளக்கினார். "அவ சொல்ற ஒவ்வொண்ணையும் செஞ்சு முடிச்சுடுவேன். சொல்றதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லாம பண்ணிட்டா, அதுக்கு மேல எங்க போவா? சரின்னுதானே சொல்லணும்?"

எதிரே இருந்தவர் கல்யாணமாகாதவர். பிரமாதம் என்றார்.

மறுநாளே வெல்டிங்காரர் வந்தார். அம்மணி கேட்டருகில் நின்று விரலால் அளந்து காட்டினாள். "கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல நாலு விரல். அதுக்கு மேல போகக்கூடாது."

"நாய்தான் வேண்டாங்கறியே. யாருக்கு நாலு விரல்?"

"பூனை வருது."

அடுத்தது கொல்லை. அங்கே தலைவரின் பொக்கிஷங்கள் இருந்தன. ஓடாத ஸ்கூட்டர், என்றைக்காவது உதவும் என்று வைத்த அட்டைப் பெட்டிகள், களைக்கொல்லி டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகளின் ஒரு சபை. ஒரு சனிக்கிழமை முழுதும் கொல்லையோடு மல்லுக்கட்டினார். பழைய சாமான்காரர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனபோது தலைவர் கேட்டுவரை பின்னாலேயே போனார். நாயை நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

பிறகு அம்மணி சொல்லி அவருடைய சாக்லேட்டுகள் எட்டாத அலமாரிக்குப் போயின. சர்க்கரைக்காக என்று அவரே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார். தட்டைக் கையில் ஏந்தி வீடெல்லாம் உலா வந்து பிஸ்கட் தூளைத் தூவும் பழக்கமும் போயிற்று.

கடைசியாக வந்தது பெரிய அஸ்திரம்.

"நாய்னா விடியக்காலையில நடத்திட்டுப் போகணும். யாரு போவா?"

"நான் போவேன்."

"நீங்களா? நீங்க எந்திரிக்கறப்போ சூரியனே களைச்சுப் போயிருக்கும். முதல்ல நாய் இல்லாம நடந்து காட்டுங்க."

தலைவர் நடந்தார். இருட்டு விலகாத தெருவில், முன்னால் எதுவும் இல்லாமல், பின்னால் எதுவும் இல்லாமல் நடந்தார். முதல் நாள் பூங்காவரை போய் அங்கிருந்த பெஞ்சில் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, முகத்தில் குழாய்த் தண்ணீரைத் தெளித்து வியர்வையாக்கிக்கொண்டு திரும்பினார்.

"நல்லா நடந்தீங்களா?"

"ரெண்டு சுத்து."

"சட்டை முதுகுல பெஞ்சு பெயிண்டு கோடு கோடா இருக்கே. படுத்துக்கிட்டே சுத்தினீங்களா?"

அன்று வெறும் காபி. திட்டு ஒன்றும் விழவில்லை. மறுநாள் நிஜமாகவே நடந்துவிட்டு வந்தார். அம்மணி சமையலறை அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக் குலுக்கி, இரண்டு முந்திரிப் பருப்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "பரவாயில்லையே" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அந்தச் சொல் அவரை நோக்கி வந்ததில்லை. தலைவர் முந்திரியை மெல்லாமல் சற்று நேரம் வாயிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துக்கொண்டார். நடந்தால் முந்திரி. சுருக்கு வழியில் திரும்பினால் முந்திரி இல்லை. எப்படித்தான் கண்டுபிடிப்பாளோ. மழைக்காலம் வந்து போயிற்று. தலைவரின் இடுப்பு பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிற்று. படியேறினால் முட்டி வலிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மனிதர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அம்மணி கையை விரித்தாள். "எனக்கு இனிமே சொல்ல ஒண்ணுமில்லங்க. ஜெயிச்சுட்டீங்க. வாங்கிக்குங்க உங்க நாயை. ஆனா பஸ் ஸ்டாண்டு கூடை வேண்டாம். டாக்டர் யார்கிட்ட வாங்கினாரோ அவங்ககிட்டயே கேளுங்க."

மறுநாள் தலைவர் ஆபீஸில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் பல் டாக்டரிடம் நம்பர் வாங்கி, நாய்க்கார அம்மாவுக்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, லாப்ரடார் வளர்க்கும் அம்மா. குரலைக் கேட்டதுமே தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.

"வீட்டைப் பார்க்காம நான் குட்டி தர்றதில்ல. எந்த வீடு?"

தலைவர் சொன்னார். மறுமுனையில் ஒரு சின்ன இருமல். "ஓ. பல் டாக்டருக்குப் பக்கத்து வீடா. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ஞாயிறு காலையில் தலைவர் மனைவிக்குப் பாடம் எடுத்தார். "இங்க பாரு. அந்தம்மா வர்றப்போ முகத்தைக் கொஞ்சம் நல்லா வெச்சுக்க. வீட்டுல ஒருத்தருக்குப் பிடிக்கலைன்னாக்கூடக் குட்டி தர மாட்டாங்களாம், டாக்டர் சொன்னார். பழசையெல்லாம் கிளறாதே."

"நான் வாயே திறக்கலங்க" என்றாள் அம்மணி.

நாய்க்கார அம்மா வந்தார். கேட்டில் நின்று கம்பிகளுக்கு நடுவே நாலு விரலை வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். வழி கேட்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனார்.

"ஸ்கூட்டர் போயிடுச்சா. நல்லது. குட்டி அடியில போய் மாட்டிக்கும்னு கவலையா இருந்துது" என்றார்.

தலைவர் அவர் பின்னால் ஓடி வந்து நின்றார். "எந்த ஸ்கூட்டர்? உங்களுக்கு எப்படி..."

"போன தடவை பார்த்தேனே."

"போன தடவையா?"

"நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க. உங்க வீட்டம்மா வந்து பேரு குடுத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. நான் அடிக்கடி குட்டி எடுக்கறதில்ல சார். தாய் உடம்பு தேறணும், பரிசோதனையெல்லாம் முடியணும், நல்ல ஜோடி அமையணும். அதனால அவசரமில்லாம வீட்டைப் பார்த்துட்டு மூணு குறை சொல்லிட்டுப் போனேன்."

"என்ன மூணு?"

"ஒண்ணு கேட்டு. ரெண்டு கொல்லை." நாய்க்கார அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "மூணாவது நீங்க."

தலைவர் ஃபேனைத் தேடினார். கொல்லையில் வானம்தான் இருந்தது.

"வீட்டுக்காரர் காலையில எந்திரிக்க மாட்டார், நாய்னா ஆசையும் கிடையாதுன்னு அம்மா சொன்னாங்க. அவரா ஆசைப்பட்டாதான் குட்டி, நீங்க கட்டாயப்படுத்தினா நடக்காதுன்னு சொல்லிட்டேன்." பிறகு அம்மணியின் பக்கம் திரும்பினார். "இப்ப எப்படி? எந்திரிக்கிறாரா?"

"முதல்ல கொஞ்சம் முரண்டு பிடிச்சார்" என்றாள் அம்மணி. "இப்பப் பழகிட்டார்."

"கத்தினீங்களா?"

"சேச்சே. நீங்க சொன்ன மாதிரிதான். தப்புப் பண்ணினா கண்டுக்கல. சரியாப் பண்ணினா உடனே வாய்க்கு ஏதாவது குடுத்து, நல்லதா ஒரு வார்த்தை."

"அதான் முறை" என்றார் நாய்க்கார அம்மா திருப்தியாக. "என்ன குடுத்தீங்க?"

"முந்திரி."

தலைவரின் நாக்கில் மழைக்காலம் முழுதும் தின்ற முந்திரி ஒட்டுமொத்தமாகக் கசந்தது.

"ஏம்மா, என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் மனைவியிடம் மெதுவாக.

"கேட்டைச் சரி பண்ணுங்கன்னு நேரா எட்டு வருஷம் சொன்னேன்" என்றாள் அம்மணி.



குட்டிக்கு எட்டு வாரம் முடிந்த மறுநாள் அது வீட்டுக்கு வந்தது. பொன்னிறம், பெண் குட்டி, கழுத்தடியில் தோலுக்குள் அடையாள மைக்ரோசிப். கென்னல் கிளப்பில் பதிவு அம்மணியின் பெயரில். அவள்தானே முதலில் பேர் கொடுத்தவள். என்றைக்காவது வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் தரக்கூடாது, தன்னிடமே திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார் நாய்க்கார அம்மா.

"எவ்வளவு நல்ல ஏற்பாடு" என்ற அம்மணி, கணவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவள் நாற்காலி போட்டு ஏறி, பக்கத்து வீட்டு நாய் தெரியும் அந்த ஜன்னலில் பழையபடி திரையை மாட்டினாள். தலைவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். குட்டி அவருடைய செருப்பின்மேல் முகத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தோற்றதெல்லாம் ஒரு தோல்வியாகவே படவில்லை. மெல்லக் குனிந்து "வா" என்றார். குட்டி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. போகட்டும். பழக வேண்டுமில்லையா.

சமையலறையில் தகர டப்பா குலுங்கியது.

குட்டி அசையவில்லை. தலைவர் அதற்குள் எழுந்து நின்றிருந்தார்.